டிரெய்லர் இழுக்க வேன் தேடும் தம்பி தங்கைகளுக்கு



பனி உருகி வெயில் எட்டிப் பார்த்ததுமே உங்களில் சிலர் பழைய வேன் தேடத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்படுகிறேன். வாரமெல்லாம் டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் கார் கம்பெனி வேலை. சனி ஞாயிறு ஆனால் வாட்டர்ஃபோர்டு ஹில்ஸ், ஜிஞ்சர்மேன் பந்தயத் திடல்கள், இன்னும் துணிந்தால் மாநில எல்லை தாண்டி மிட்-ஒஹாயோ. பந்தயக் காரையே ஓட்டிக்கொண்டு போய், அதிலேயே வீடு திரும்பும் காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது. டயர், பிரேக், சீட்டு எல்லாம் திடலுக்கென்று மாறிவிட்டன. இனி காரை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். புது பிக்கப் வாங்கும் பணத்தில் ஊரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். அதனால் பழைய பெரிய வேன் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. கருவிகள் நனையாது, டயர்களை உள்ளே வைத்துப் பூட்டலாம், இரவு திடலிலேயே படுத்துத் தூங்கலாம், கொட்டும் மழையில் காபி போட்டுக் குடிக்கலாம். பிக்கப்பில் இத்தனையும் வேண்டுமென்றால் பின்தொட்டிக்கு மேல் இன்னொரு செலவு செய்ய வேண்டும்.

ஆனால் என்னிடம் வந்து கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “அண்ணா, எந்த இன்ஜின் நல்லது?” என்றுதான். இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றே: இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். நான் பேசப்போகும் பழைய முழு அளவு வேன்களில் ஓடும் நிலையில் உள்ள எந்த இன்ஜினும் உங்கள் டிரெய்லரை நகர்த்திவிடும். ஏழாயிரம் பவுண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு 65 மைல் வேகத்தில் போகும்போது பக்கத்தில் பெரிய லாரி ஒன்று கடந்து போகிறதே, அப்போது வேன் தன் தடத்தில் நிற்குமா, முன்னால் எல்லோரும் திடீரென்று பிரேக் அடித்தால் நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்த்து வாங்க வேண்டும்.

வேனைத் தேடுவதற்கு முன் சுமையை எடை போடுங்கள். முதல் தலைமுறை மியாட்டா இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டுதான். திறந்த இரட்டை ஆக்சில் டிரெய்லர் ஒன்று இரண்டாயிரம் பவுண்டு அளவில் இருக்கும். நான்கு டயர், ஜாக்கி, கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன் எல்லாம் சேர்த்தாலும் ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும். எழுபதுகளின் பெரிய செவர்லேயோ, முழுதாக மூடிய 24 அடி டிரெய்லரோ என்றால் கணக்கே வேறு. மூடிய டிரெய்லர் காலியாகவே நாலாயிரம் பவுண்டைத் தொடும். காரும் சாமானும் ஏறியதும் எட்டாயிரத்துக்குப் போய்விடும். எடை போதாதென்று அதன் முகப்பு காற்றைச் சுவர் மாதிரி எதிர்கொள்ளும். நெடுஞ்சாலையில் இன்ஜின் திணறுவதும் பெட்ரோல் கரைவதும் பெரும்பாலும் இந்தக் காற்றினால்தான். இன்று மியாட்டா, இரண்டு வருடத்தில் மூடிய டிரெய்லர் என்று மனதில் ஆசை இருந்தால், அந்த இரண்டாவது எடைக்கே வேனைப் பாருங்கள்.

அடுத்து, விளம்பரங்களில் தவறாமல் வரும் “10,000 பவுண்டு இழுக்கும்” என்ற வாசகம். பழைய வேன்களில் பெரிய இன்ஜின் வைத்த ஃபோர்டு ஈ-350க்கும் செவர்லே எக்ஸ்பிரஸ் 3500க்கும் அந்த எண் உண்மைதான், கம்பெனியே போட்டது. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஸ்ஏஇ அமைப்பின் ஜே2807 என்ற விதி வரும்வரை ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவுகோலில் தானே அளந்து எண் போட்டது. ஜே2807 வந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரே பரீட்சை: அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் பதினோரு மைல் மேட்டில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் சுமையை மேலே கொண்டுசேர்க்க வேண்டும். டொயோட்டா 2011லேயே ஏற்றுக்கொண்டது. டெட்ராய்ட் கம்பெனிகள் தங்கள் பிக்கப்களுக்கு இதை முழுதாகக் கொண்டுவர 2015 ஆயிற்று. நீங்கள் பார்க்கும் வேன்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அதனால் பத்தாயிரம் என்று போட்டிருந்தால் நான் ஏழு, எட்டாயிரத்தோடு நிறுத்திக்கொள்வேன். பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கு அந்த இடைவெளியைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அந்த விளம்பரத்தைவிட உண்மை பேசும். அதில் ஜிவிடபிள்யூஆர் என்று ஓர் எண் இருக்கும்; வேன், ஆட்கள், சாமான், ஹிட்ச் உருண்டைமேல் டிரெய்லர் அழுத்தும் எடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. அந்த அழுத்தும் எடையை இங்கே எல்லோரும் டங் வெயிட் என்பார்கள். கார் டிரெய்லருக்கு அது மொத்தச் சுமையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருந்தே ஆகவேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். எட்டாயிரம் பவுண்டு டிரெய்லருக்கு 900 பவுண்டு என்று கொள்ளுங்கள். இரண்டு பேர் 350. வேனுக்குள் கட்டில், கருவி, டயர், தண்ணீர் என்று 600. ஆக 1,850 பவுண்டு வேனின் தலையில். சீட்டு எல்லாம் உள்ள பயணிகள் வேன் தானே ஆறாயிரத்துக்கு மேல் எடை. ஜிவிடபிள்யூஆர் 9,500 போட்ட ஒரு டன் வேன் இதைத் தாங்கும். 7,300 போட்ட அரை டன் வேனில் கட்டிலும் கருவியும் ஏறியதுமே வரம்பு முடிந்துவிடும், டிரெய்லருக்கு இடமே இருக்காது. உங்களில் ஒருவர் பளபளவென்று ஓர் அரை டன் எக்ஸ்பிரஸ் 1500ஐக் காட்டி, “வி8 தானே அண்ணா” என்று கேட்டபோது நான் இன்ஜினைப் பார்க்காமல் கதவுத்தூணைப் பார்த்தது இதற்காகத்தான்.

இப்போது கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேன் வாங்குகிறவர்கள் யாரும் பேசாத, ஆனால் எனக்கு மிக முக்கியமான விஷயம் இது: பின் ஆக்சிலுக்கும் ஹிட்ச் உருண்டைக்கும் நடுவில் எத்தனை அடி?

டிரெய்லர் பக்கவாட்டில் அசைந்தால் அது வேனின் வாலைத் தள்ளுகிறது. வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம் அந்தத் தள்ளலுக்கு. எதிர்த்து நிற்பது வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம். வால் குட்டையாக, வீல்பேஸ் நீளமாக இருந்தால் டிரெய்லர் ஆட்டம் போட்டாலும் வேன் எளிதில் தடம் மாறாது. வால் நீண்டு, வீல்பேஸ் குறைந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தாலும் வண்டியைத் திருப்புவது டிரெய்லர்தான்.

ஃபோர்டு ஈ-350 சாதாரண நீளத்திலும் வந்தது, நீட்டப்பட்ட உடலிலும் வந்தது. இரண்டுக்கும் வீல்பேஸ் ஒன்றே, 138 அங்குலம். நீட்டியதில் கூடிய இருபது அங்குலமும் பின் ஆக்சிலுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. செவர்லே எக்ஸ்பிரஸும் அதன் இரட்டைப் பிறவி ஜிஎம்சி சவானாவும் நீண்ட உடலுக்கு வேறு வழி செய்தன: வீல்பேஸையே 135லிருந்து 155 அங்குலமாக்கி, பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தெருவில் ஓடும்போது இரண்டும் நீளமான வெள்ளை வேன்தான். டிரெய்லரைக் கட்டியதும் இரண்டும் வேறு வேறு வண்டி.

எடைக் கணக்கிலும் இது தெரியும். உருண்டையில் 900 பவுண்டு இறங்கினால் அது பின் ஆக்சிலில் 900 மட்டும் ஏற்றுவதில்லை. நெம்புகோல் மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கி, அந்த எடையையும் பின்னுக்குத் தள்ளுகிறது. நீண்ட ஈ-350யில் ஆக்சிலிலிருந்து உருண்டை ஏறக்குறைய ஆறடி என்று வைத்தால், முன் சக்கரங்கள் 470 பவுண்டு இழக்கும். நீண்ட எக்ஸ்பிரஸில் தூரம் ஐந்தடி, வீல்பேஸும் அதிகம், இழப்பு 350. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பகுதி வேலையும் முன் சக்கரத்தில்தான் இருக்கின்றன. ஈரமான சாலையில் அந்த 120 பவுண்டு வித்தியாசத்தை உங்கள் கை உணரும்.

ஆகவே என் கணக்கில் வரிசை இப்படி: கனமான டிரெய்லருக்கு நீண்ட எக்ஸ்பிரஸ் 3500 அல்லது சாதாரண நீள ஈ-350. நீட்டிய ஈ-350யை மியாட்டாவும் திறந்த டிரெய்லரும் மட்டுமே என்றால் வாங்குங்கள். முன் சக்கரம் இழந்த எடையைத் திருப்பித் தரும், எடையைப் பகிரும் ஹிட்ச் கட்டாயம். ஐயமிருந்தால் அளக்கும் டேப்பைக் கையில் கொண்டுபோய்ப் பின்சக்கர மையத்திலிருந்து ரிசீவர் துளைவரை நீங்களே அளந்துவிடுங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அந்த நீண்ட 15 இருக்கை வேன்கள்தான். தேவாலயம், பள்ளி, முதியோர் இல்லம் என்று ஓடிக் களைத்து வந்தவை. 2001லேயே அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இவற்றைப் பற்றி எச்சரித்தது: பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால், வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்தில் கவிழும் விகிதம், குறைந்த ஆட்களோடு போவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆட்கள் ஏற ஏற எடை மேலேயும் பின்னேயும் போவதுதான் காரணம். நீங்கள் பதினைந்து பேரை ஏற்றப்போவதில்லை. ஆனால் கடைசி இரண்டு இருக்கை வரிசையைக் கழற்றிவிட்டு அங்கேயே ஜெனரேட்டரையும் டயர்களையும் குவித்தால் அதே தவறான இடத்தில்தான் எடை ஏறுகிறது. கனமான பொருள் எதுவானாலும் தரையோடு, பின் ஆக்சிலுக்கு முன்னால், கட்டி வையுங்கள். திடலுக்குப் போகும்போது நண்பர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு டிரெய்லரும் இழுப்பது வேண்டவே வேண்டாம். அவர்கள் தனிக் காரில் வரட்டும்.

ஒரு டன் வேனா, அரை டன் வேனா என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையை நம்ப வேண்டியதில்லை. பின்சக்கரத்தின் முன் குந்திப் பாருங்கள். அரை டன் ஈ-150யில் ஐந்து நட்டு. ஈ-350யிலும் எக்ஸ்பிரஸ் 3500இலும் எட்டு நட்டு. நடுவில் ஹப் ஒரு சிறு டம்ளர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வேலையை மட்டுமே செய்கிறது, எடையை ஆக்சில் குழாயும் பேரிங்குகளும் தாங்குகின்றன என்று பொருள். தண்டு உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. சுமை இழுப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

புதிய தலைமுறை உயரமான வேன்களும் ஆசை காட்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 2001ல் இங்கே வந்த ஸ்பிரிண்டரில் ஒற்றைப் பின்சக்கர வகைக்கு வரம்பு ஐயாயிரம் பவுண்டு. முன்சக்கரம் இழுக்கும் புரோமாஸ்டரும் தொடக்கத்தில் அந்த அளவுதான். டங் வெயிட் ஏறி முன்பக்கம் லேசானால் இழுக்கும் சக்கரமே பிடி இழக்கும் என்பதால் எனக்கு அதில் மனமே இல்லை. 2015ல் வந்த ஃபோர்டு டிரான்சிட்டில் எக்கோபூஸ்ட் இன்ஜின் நல்ல பலம் உடையது. திறந்த டிரெய்லருக்குத் தாராளம், ஆனால் விலை இன்னும் இறங்கவில்லை. இவற்றுக்கெல்லாம் தனிச் சேஸி கிடையாது, உடலே சேஸி. தனிச் சேஸிமேல் உட்கார்ந்த கடைசிப் பெரிய வேன்களில் ஒன்று நிசான் என்வி, 2012 முதல் 2021 வரை. வி8 உள்ளது ஒன்பதாயிரத்துக்கு மேல் இழுக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அதிகம் விற்காததால் யாரும் தேடுவதில்லை. நீண்ட மூக்கு இருப்பதால் இன்ஜின் வேலை செய்யவும் வசதி. நல்ல நிலையில் ஒன்று எதிர்ப்பட்டால் விடாதீர்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் என்றால் 6.0 லிட்டர் பெட்ரோல் வி8. அதோடு வரும் நாலு கியர் 4எல்80ஈ கியர்பாக்ஸ், பழைய டர்போ ஹைட்ராமேட்டிக் 400இன் வாரிசு, முரடு. பிற்பாடு ஆறு கியர் 6எல்90 வந்தது, மேட்டில் அது இன்னும் சுகம். லேசான 1500இல் வரும் 4எல்60ஈ சுமை இழுக்க ஏற்றதல்ல. 6.0க்கு ஒரு வியாதி உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் ஒடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வரும், சூடேறியதும் அடங்கும். அதனால்தான் விற்பவரிடம், “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஃபோர்டில் 6.8 லிட்டர் வி10 எடுங்கள். மூடிய டிரெய்லரோடு கேலனுக்கு எட்டு மைல்தான் கொடுக்கும்; வருடத்தில் சில ஆயிரம் மைல் ஓடும் வண்டிக்கு அது பொருட்டில்லை. 2000களின் தொடக்கம் வரை வந்த 5.4, 6.8 இன்ஜின்களின் தலையில் ஸ்பார்க் பிளக் புரி குறைவு; பிளக் பிடுங்கிக்கொண்டு வெளியே பாயும். முன்பே சரிசெய்த ரசீது இருந்தால் நல்லது, இல்லையென்றால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

டீசல் ஆசை உங்களில் பலருக்கு இருப்பது தெரியும். 2003 வரை ஈ-350யில் வந்த 7.3 பவர் ஸ்ட்ரோக் நெடுநாள் உழைக்கும்; ஆனால் நல்லது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை யானை விலை. 2004 முதல் 2010 வரை வந்த 6.0 பவர் ஸ்ட்ரோக்கைத் தொடாதீர்கள். ஹெட் கேஸ்கட், இஜிஆர் கூலர் என்று ஒவ்வொன்றாகப் போகும், அதுவும் வேனில் கை நுழைய இடமில்லாத சந்தில். வருடத்துக்குப் பத்து வார இறுதி மட்டும் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலே போதும்.

ஆக்சில் ரேஷியோவை மறந்துவிடாதீர்கள். ஒரே இன்ஜின் உள்ள இரண்டு வேன்களில் ஒன்று மேட்டில் மூச்சிரைப்பதற்கும் இன்னொன்று சாதாரணமாக ஏறுவதற்கும் பல சமயம் காரணம் இதுதான். ஜிஎம் வண்டிகளில் குறியீடுகள் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும்: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. இழுக்க 3.73 போதும், 4.10 இன்னும் நல்லது. இசட்82 இருந்தால் இழுவைப் பொருத்தம் கம்பெனியிலேயே வந்தது. ஜி80 இருந்தால் லாக்கிங் டிஃபரென்ஷியல், நனைந்த புல்தரையில் நிறுத்திய டிரெய்லரை வெளியே எடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

நம் மிச்சிகனில் எல்லாவற்றையும் விழுங்குவது உப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை சாலையில் கொட்டும் உப்பு பிரேக் குழாயையும் ஸ்பிரிங் ஷாக்கிளையும் சேஸியின் பின்முனையையும் உள்ளிருந்தே தின்கிறது. ஹிட்ச் மாட்டியிருப்பது அந்தப் பின்முனையில்தான். “டென்னசி வண்டி, துருவே கிடையாது” என்று விற்கப்பட்ட ஈ-350 ஒன்றைப் பார்க்கப் போனேன். அடியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து, ஈரம்கூட முழுதாகக் காயவில்லை, வாசனை வந்தது. சேஸி வழுவழுவென்று இருக்க வேண்டிய இடம் காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. சின்னச் சுத்தியலால் பின் ஸ்பிரிங் தாங்கியின் பக்கம் மெல்லத் தட்டினேன். முதல் தட்டில் டிண் என்றது. நாலு விரற்கடை தள்ளித் தட்டினால் சத்தம் மந்தமாகிவிட்டது. அடுத்த தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் படலம் பெயர்ந்து விழுந்தது. அதன் உள்பக்கம் முழுக்கத் துரு அடுக்கு, பின்னால் விரல் நுழையும் ஓட்டை. பிரேக் குழாயிலும் அதே பெயின்ட், கொப்புளம் கொப்புளமாக. விற்பவர் விலையை ஆயிரம் டாலர் குறைத்தார். துருப்பிடித்த சேஸிக்கு எந்த விலையும் அதிகம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். புதுக் கறுப்பு பெயின்டைக் கண்டாலே எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு நாள் லீவு போட்டு டென்னசிக்கோ கரோலினாவுக்கோ தெற்கே போய் அங்கேயே பதிவான, அங்கேயே ஓடிய வண்டியாகப் பார்த்து வாங்கி ஓட்டிக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் செலவும் ஓட்டல் செலவும் ஒரு வெல்டிங் பில்லைவிடக் குறைவு.

ஈ-350, எக்ஸ்பிரஸ் போன்ற வேன்களில் இன்ஜினின் பாதி, முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதன் மேல் உள்ள பெரிய மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான்கு கிளிப்போ சில போல்ட்டோதான். எண்ணெய்க் கசிவு, எலி கடித்த ஒயர், காய்ந்த கூலன்ட்டின் தடம் எல்லாம் அங்கேதான் தெரியும். பானட் வழியே பார்த்தால் தெரியாது. கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் முந்தைய முதலாளி உங்களுக்கு முன்பே நிறைய இழுத்துவிட்டார். அந்த முதலாளி யார் என்பதும் முக்கியம். தொலைபேசிக் கம்பெனி வேனும் ஆம்புலன்ஸும் மைல் குறைவாகக் காட்டும். ஆனால் நாள் முழுக்க நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், மைல் மீட்டரில் அது ஏறாது. மாநகராட்சி, பல்கலைக்கழக வண்டிகள் ஏலத்துக்கு வரும்போது பராமரிப்புப் பதிவேட்டோடு வருவதுண்டு. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கண்ணாடி உள்ள பயணிகள் வேனாக இருந்தால் பின்கண்ணாடி வழியே டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே போகலாம். பின்புறமும் ஏசி இருப்பதால் ஆகஸ்டில் உள்ளே தூங்குகிறவர்கள் வாழ்த்துவார்கள்.

ஒரு சின்ன விஷயம், வாங்கிய பிறகுதான் பலருக்கும் தெரிகிறது: டிரெய்லரை மாட்டிய பின் வேனின் இரட்டைப் பின்கதவு திறக்குமா? டிரெய்லரின் முன்னால் நிற்கும் ஜாக்கி பல வேன்களில் கதவை இடித்துவிடும். அடிக்கடி எடுக்கும் சாமானைப் பக்கக் கதவுப் பக்கம் வையுங்கள், அல்லது மடங்கும் ஜாக்கி பொருத்துங்கள். ஹிட்ச் ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு வரம்பு இருக்கும்: வெறும் உருண்டைக்கு ஒன்று, எடையைப் பகிரும் ஹிட்சுக்கு அதைவிட அதிகமாக ஒன்று. பலர் பெரிய எண்ணை மட்டும் படிக்கிறார்கள். உருண்டை அளவும் அப்படித்தான். இரண்டு அங்குல உருண்டையில் 2 5/16 அங்குல டிரெய்லர் உட்கார்வது போலத்தான் தெரியும், முதல் பெரிய பள்ளத்தில் எகிறிவிடும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் மூவாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படியே வேண்டும். கனடாவில் ஒன்டாரியோ பக்கம் போகிறவர்களுக்கு வரம்பு 1,360 கிலோ, கிட்டத்தட்ட அதே எடை. மலிவு டிரெய்லர்களில் ஓர் ஆக்சிலில் மட்டுமே பிரேக் இருக்கும். இரண்டிலும் உள்ளதாக வாங்குங்கள். வேனில் போடும் பிரேக் கன்ட்ரோலர், நீங்கள் அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும்; நேரக்கணக்கில் பிடிக்கும் மலிவு வகை வேண்டாம். அதில் கையால் அழுத்தும் ஒரு நெம்பி இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அது எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் வேனின் பிரேக்கை அழுத்தக்கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அந்த நெம்பியால் டிரெய்லரை மட்டும் பிடியுங்கள். பின்னாலிருந்து இழுபட்டு வண்டி நேராகும். டென்னசியில் ஜெலிக்கோ இறக்கத்தில் ஐ-75இல் இறங்கும்போது கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். முழு இறக்கத்துக்கும் பிரேக்கை அழுத்திக்கொண்டே போனால் அடிவாரத்தில் பிரேக் இருக்காது. மாக்கினாக் பாலத்தில் காற்று பலமானால், உயரமான வண்டிகளையும் டிரெய்லர்களையும் துணைவண்டி முன்செல்ல மெதுவாகக் கடத்திவிடுவார்கள். காத்திருங்கள், அவசரம் வேண்டாம்.

டயர்: எஸ்டி என்று எழுதிய டிரெய்லர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கே செய்யப்பட்டவை. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் கோடு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வேனுக்கு ‘ஈ’ வகைச் சுமை வரம்புள்ள எல்டி டயர்.

நண்பர்களின் கார்களையும் காசு வாங்கிக்கொண்டு கொண்டுபோகலாம் என்ற யோசனை உங்களில் ஒருவருக்கு இருக்கிறது. கூலி வாங்கினால் அது வணிகம். வேனும் டிரெய்லரும் சேர்ந்த மதிப்பீட்டு எடை பத்தாயிரம் பவுண்டைத் தாண்டியதும் போக்குவரத்துத் துறையின் விதிகளும் வணிக இன்சூரன்சும் வந்துவிடும். அதை முழுதாக விசாரித்த பிறகு தொடங்குங்கள்.

வாங்கியதும் முதல் வேலையாக, லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் உள்ள கேட் (CAT) எடைமேடைக்குப் போங்கள். மூன்று தனித் தட்டுகள். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் ஒவ்வொன்றுக்கும் தனி எடை அச்சிட்டுத் தருவார்கள். மூன்று தடவை ஏற்றுங்கள்: முதலில் முழுச் சாமானோடு வேன் மட்டும்; பிறகு எடையைப் பகிரும் ஹிட்சின் கம்பிகளை மாட்டாமல் டிரெய்லரும் காருமாக; பிறகு கம்பிகளை மாட்டி. முதல் சீட்டுக்கும் இரண்டாவதுக்கும் முன் ஆக்சிலில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். மூன்றாவதில் அந்த இழப்பில் பாதியாவது திரும்ப வந்திருக்க வேண்டும். பின் ஆக்சில் எடை கதவுத்தூண் வரம்புக்குள் இருக்கிறதா, டங் வெயிட் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் டிரெய்லரில் காரை ஆறங்குலம் முன்னால் தள்ளி மறுபடி கட்டி, மறுபடி எடை போடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் டிரெய்லர் தரையில் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்; ராத்திரி இருட்டில் களைத்துப்போய்க் காரை ஏற்றும்போது உதவும்.

மூன்று சீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஜூன் முதல் திடல் நாளுக்கு முன் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
மிச்சிகன்